முகாம் பிள்ளைக்குப் பிரிண்ட் டிசைன் வேலை: ஹ்மாங் வழி இங்க ஆகுமா?

நொய்யல்கரை:
பவானிசாகர் இலங்கைத் தமிழர் அகதி முகாம்ல வளர்ந்த பொண்ணு, பிளஸ் டூ முடிச்சிருக்குது. நல்லா வரையும். திருப்பூர்ல பிரிண்ட் டிசைனராகணும்ங்குது. அமெரிக்காவுல, லாவோஸ்ல இருந்து வந்த ஹ்மாங் இன அகதிகளோட பிள்ளைக எழுத்து, ஓவியம்னு நிக்கறாங்களாம். அந்த வழி இங்க ஆகுமுங்களா?

ஊடுபாவு:
பாதிதான் ஆகுமுங்க. 1975-ல லாவோஸ் ஆட்சி கைமாறினதும் ஹ்மாங் ஜனங்க மீகாங் ஆத்தைத் தாண்டித் தாய்லாந்து முகாம்களுக்குப் போனாங்க, அங்கிருந்து பலர் அமெரிக்கா போனாங்க. அவங்க கையால தைக்கற பரம்பரைப் பூத்துணியில கட்டமும் நத்தைச் சுருளுந்தான் இருக்கும். ஊரு, சண்டை, ஆறு தாண்டறது எல்லாம் தையல்ல ஏறின கதைத்துணி முகாம்லதான் வந்துச்சு. அதுல இங்கிலீஷ் வரி தைச்சது, நிறத்தை மங்கலாக்கினது எல்லாம் வாங்கற வெள்ளைக்காரனுக்காக. பான் வினாய் முகாம்ல 1980-ல பிறந்த காவோ காலியா யாங், குடும்பக் கதையை எழுதி 2008-ல புத்தகமாக்கினாங்க. கைல இருக்கறதை வாங்கறவன் கண்ணுக்கு மாத்தினாங்க பாருங்க, அதை எடுத்துக்கலாம்.

காகிதம்தான் இடிக்கும். அமெரிக்காவுல அகதியா ஏத்துக்கிட்டா ஒரு வருசத்துல நிரந்தரக் குடியிருப்புக்கும், அஞ்சு வருசத்துல குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம். இங்க 1983-ல வந்த குடும்பத்துக்கும் அப்படி ஒரு கணக்கு இல்லீங்க. பாஸ்போர்ட் கேக்கற வெளிநாட்டு வாய்ப்பை நம்பித் திட்டம் போட வேண்டாம். பான் கார்டு எடுக்கறப்ப குடிமகன் அல்லாதவங்களுக்கான படிவத்துல எழுதச் சொல்லுங்க. மாத்தி எழுதினா பின்னால சிக்கல்.

டேபிள்மாஸ்டர்:
ஏனுங்க, அந்தப் பொண்ணு வாட்டர்கலரை அப்படியே கொண்டாந்தா செப்பரேஷன் போடறவர், அதாவது படத்தை நிறம் நிறமாப் பிரிக்கறவர், திருப்பி அனுப்பிருவார். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மை இறங்கற வலை. ஆறு நிறத்துக்குள்ள அடக்கட்டும். நெஞ்சுப் பிரிண்ட்னா ஏ3 அளவு, 300 டிபிஐ (இன்ச்சுக்கு 300 புள்ளி), அதாவது 3508 × 4961 பிக்சல். ஒவ்வொரு நிறமும் தனி லேயர். 1 பாயிண்ட்டுக்கு (இன்ச்சுல 72-ல ஒரு பங்கு) கீழ கோடு போட்டா ஸ்கிரீன் கழுவறப்பவே போயிரும். நடுவுல துணி தெரியணும்னா 2 பாயிண்ட் விடணும், இல்லைன்னா மை பரவி மூடிக்கும்.

முழுத்துணிக்கும் உருளை ஸ்கிரீன்ல அடிக்கற ரோட்டரின்னா ஸ்கிரீன் சுத்தளவு பெரும்பாலும் 64 செ.மீ. ரிப்பீட், அதாவது டிசைன் திரும்ப வர்ற நீளம், 64, 32, 16-னு மீதியில்லாம வகுபடணும். 30-ல போட்டா சுத்துக்குச் சுத்து வெட்டுத் தெரியும். நிறத்துக்கு பேண்டோன் டிசிஎக்ஸ் (துணிக்கான நிற அட்டை) நம்பர் எழுதுங்க. மானிட்டர் நிறத்தை ஆர்டரைப் பாத்துக்கற எந்த மெர்ச்சண்டைசரும் நம்ப மாட்டார்.

நொய்யல்கரை:
கறுப்புத் துணின்னாங்க?

டேபிள்மாஸ்டர்:
அடியில வெள்ளை பேஸுக்கு ஒரு ஸ்கிரீன் கூடுமுங்க. அந்த பேஸை மேல் நிறத்தைவிட 1 பாயிண்ட் உள்ள இழுக்கச் சொல்லுங்க. இல்லைன்னா ஸ்கிரீன் துளி நகர்ந்தாலும் ஓரத்துல வெள்ளை எட்டிப் பாக்கும். ஸ்ட்ரைக் ஆஃப்லயே (சாம்பிள் பிரிண்ட்) பையர் தள்ளிருவார்.