சிமெண்ட் தரைமேல் நாங்களே போட்ட மரப்பலகை நடுவில் எழும்புகிறது, மொத்தமும் பிரிக்க வேண்டுமா?

கேட்டவர் (மண்டபம்):
வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம். முன்னறை 10க்கு 12 அடி, வெறும் சிமெண்ட் தரை. புரட்டாசியில் லேமினேட் பலகை வாங்கி, வீடியோ பார்த்து நானும் மைத்துனரும் போட்டோம். 8 மி.மீ. கனம், ஒன்றோடொன்று கிளிக் ஆகும் வகை. அடியில் கடைக்காரர் கொடுத்த 2 மி.மீ. ஃபோம் மட்டும். ஐப்பசி மழை பிடித்ததும் அறை நடுவே பலகை கூடாரம் மாதிரி எழும்பிவிட்டது; மிதித்தால் ‘டொக்’ என்று அமுங்குகிறது. வாசல் பக்கம் பலகை ஓரங்கள் உப்பியிருக்கின்றன. வெயில் வந்தால் படிந்துவிடும் என்கிறது கடை. அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தேன், பக்கத்தில் எழும்புகிறது. “அப்பவே டைல்ஸ் போடச் சொன்னேன்” என்று அம்மா காலையும் மாலையும் ஒரு தடவை.

கீழக்கரை, தச்சு வேலை:
தம்பி, முதலில் மூட்டையை எடுங்கள். சுவரோரம் எவ்வளவு இடம் விட்டீர்கள்? இந்தப் பலகையின் உள்ளே இருப்பது மர நாரை அழுத்திச் செய்த அட்டை. ஈரக்காற்று பட்டால் விரியும். அறை முழுதும் ஒரே பாய் மாதிரி மிதப்பதால், விரியும்போது நாலு பக்கமும் நகர இடம் வேண்டும். இல்லாவிட்டால் மேலே போகத்தான் வழி. மூட்டை வைத்த இடத்தை விட்டு பக்கத்தில் எழும்புவதே அதற்குச் சாட்சி. கனமான பீரோ ஏதாவது மேலே நின்று பலகையை நகரவிடாமல் பிடிக்கிறதா?

கேட்டவர்:
நிற்கிறது அண்ணே, தாத்தா காலத்து மர பீரோ. சுவரோரம் இடமே விடவில்லை. கதவு நிலையைச் சுற்றி மயிரிழைகூடத் தெரியாமல் வெட்டியிருந்தோம். வந்தவர்களிடமெல்லாம் அதைத்தான் காட்டிப் பெருமைப்பட்டேன்.

கீழக்கரை, தச்சு வேலை:
அந்த மயிரிழைதான் வினை. சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையைக் கழற்றி, ஓர வரிசைகளை எடுத்து, சுற்றிலும் 10 மி.மீ. இடைவெளி வருமாறு அறுத்துக் குறையுங்கள். நிலையில் பலகையை வெட்டாதீர்கள். நிலைக்காலின் அடியைப் பலகைக் கனத்துக்கு அறுத்து உள்ளே சொருகுங்கள், அங்கேயும் அசைய இடம் இருக்கட்டும். ஸ்கர்ட்டிங் ஆணி சுவரில்தான் இறங்க வேண்டும்.

தொண்டி, கொத்தனார்:
அண்ணன் சொன்னது நடுவில் எழும்புவதற்கு. ஓரம் உப்புவது வேறு சங்கதி, அது கீழிருந்து ஓதம், அதாவது தரையின் ஈரத்தைக் குடிக்கிறது. ஃபோம் மெத்தென்று இருக்கும், ஓதத்தைத் தடுக்காது. நம் கரையில் அஸ்திவாரக் குழியைக் கடல் மணலால் நிரப்பிய வீடுகள் உண்டு. அந்த உப்பு ஈரத்தை விடவே விடாது. சுவர் அடியில் உவர், அதாவது வெள்ளை உப்புப் பொடி, பூத்திருக்கிறதா பாருங்கள். பலகையைக் கழற்றி, வெறும் தரையில் ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளை நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் துளிர்த்தாலோ தரை கறுத்தாலோ ஓதம். வாசலிலும் நடுவிலும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

கேட்டவர் (மூன்று நாள் கழித்து):
ஓரத்தை அறுத்து பீரோவை நகர்த்தியதும் கூடாரம் முக்கால்வாசி படிந்துவிட்டது! பாலித்தீன் சோதனையில் நடுவில் ஒன்றுமில்லை. வாசல் பக்கம் தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர், பலகைக்கு அடியில் வெள்ளைப் பொடி. வெளியே போய்ப் பார்த்தேன். சாலையை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வாசல் மண் எங்கள் உள்தரைக்குச் சமமாகிவிட்டது. மழைத்தண்ணீர் சுவரோடு சாய்ந்துதான் நிற்கிறது.

தொண்டி, கொத்தனார்:
அப்படியென்றால் உள்ளே கைவைக்காதீர்கள். வாசல் மண்ணை வெட்டித் தணித்து, தண்ணீர் சுவரைவிட்டு விலகி ஓடச் சரிவு கொடுங்கள். உவர் பூத்த தரையில் பெயிண்ட் மாதிரி மருந்து பூசுவது வீண் செலவு, உரிந்து வந்துவிடும். மழை ஓய்ந்து தை பிறந்ததும் அதே பாலித்தீன் சோதனையை மறுபடி செய்யுங்கள். காய்ந்திருந்தால் 200 மைக்ரான் பாலித்தீன் விரித்து, ஒன்றின்மேல் ஒன்று 20 செ.மீ. ஏறட்டும், டேப் போடுங்கள். சுவரோரம் கொஞ்சம் மேலே ஏற்றிவிட்டு, அதன்மேல் ஃபோம், அப்புறம் பலகை.

பாம்பன்:
அதற்கு முன் மட்டப்பலகை வைத்துப் பாருங்கள். 2 மீட்டர் நீளத்துக்கு 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் ‘டொக்’ சத்தம் போகாது. எனக்கு அப்படித்தான் ஆனது.

கேட்டவர்:
சரி. ஒரே ஒரு சிக்கல். உப்பிய பலகை ஒன்பது, பரணில் மிச்சம் ஏழு. அதே நிறம் கடையில் இப்போது இல்லை. உப்பியதில் இரண்டை பீரோவுக்கு அடியில் மறைத்துவிடலாமா?

கீழக்கரை, தச்சு வேலை:
உப்பியது பழையபடி சுருங்காது, கிளிக்கும் ஆகாது. பீரோவுக்கு அடியில் பலகையே வேண்டாம் தம்பி. அந்த இடத்துக்கு முன்னாலேயே நிறுத்தி, இடைவெளி விட்டு, அதை மூட ஒரு பட்டை அடியுங்கள். பீரோ சிமெண்ட் தரையில் நிற்கட்டும், பலகையும் நகர இடம் கிடைக்கும். பலகைக் கணக்கும் சரியாகிவிடும்.

கேட்டவர்:
அம்மாவிடம் சொன்னேன். அந்த மூலைக்காவது டைல்ஸ் போடலாம் என்கிறார்.