டெட்ஸ்-டி தரவில் யாருமே 37 நாளுக்கு மேல் சிகிச்சையில் இல்லையா?

கேள்வி:
வணக்கம். ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதையிலிருந்து மீள மெத்தடோன் என்ற மருந்து எடுப்பவர்கள் சிகிச்சையில் எவ்வளவு நாள் நிலைக்கிறார்கள் என்று பார்க்க, அமெரிக்க அரசின் போதை, மனநல சேவை அமைப்பான சாம்சா வெளியிடும் டெட்ஸ்-டி என்ற சிகிச்சைத் தரவுக் கோப்பை எடுத்திருக்கிறேன். சிகிச்சையில் இருந்த காலத்தைக் காட்டும் எல்ஓஎஸ் (LOS) பத்தியில் ஆகப் பெரிய எண் 37, அதற்கு மேல் ஒரு வரிசைகூட இல்லை. மெத்தடோனில் வருடக்கணக்கில் இருப்பவர்கள் எங்கே போனார்கள்? கோப்பு பாதியில் அறுந்துவிட்டதோ என்று மூன்று முறை இறக்கிவிட்டேன், அதேதான். வெள்ளிக்கிழமை நெறியாளரிடம் காட்ட வேண்டும்.

பதில் 1:
கோப்பு சரியாகத்தான் இருக்கிறது நண்பரே. அந்தப் பத்தியில் 30 வரைதான் நாள், அதற்கு மேல் எல்லாம் குறியீடு. 31 என்றால் 31 முதல் 45 நாள், 32 என்றால் 46–60, 33 என்றால் 61–90, 34 என்றால் 91–120, 35 என்றால் 121–180, 36 என்றால் 181–365, 37 என்றால் ஒரு வருடத்துக்கு மேல். நீங்கள் தேடும் ஆட்கள் அந்த 37-இல்தான் இருக்கிறார்கள். சராசரி எடுத்திருந்தால் தூக்கிப் போடுங்கள். இடைநிலை அளவு பாருங்கள், இல்லையென்றால் 90 நாள் தாண்டினார்களா என்று பிரியுங்கள். அப்புறம் -9 என்பது விடுபட்ட தகவல், அதையும் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

பதில் 2:
மெத்தடோன் ஆட்களை மெத்யூஸ் (METHUSE) பத்தியை வைத்தா பிரித்தீர்கள்? பெயர் ஏமாற்றும். புப்ரினார்பின், நால்ட்ரெக்சோன் ஆகிய வேறு மருந்துகளைக் கொடுத்தாலும் அதில் 'ஆம்' என்றுதான் வரும். இதைவிட முக்கியமான ஒன்று: டெட்ஸ்-டியில் சிகிச்சையை விட்டு வெளியேறியவர்கள் மட்டுமே உண்டு. இன்றும் தினமும் மருந்து எடுத்துக்கொண்டு நன்றாக இருப்பவர், வெளியேறும்வரை இதில் வரவே மாட்டார். அதனால் நீண்ட காலம் நிலைப்பவர்கள் குறைவாகவே தெரிவார்கள். இதை வைத்து 'மெத்தடோனில் யாரும் நிலைப்பதில்லை' என்று ஒருவர் எழுதி, அதைப் படித்து ஒரு மாநிலம் நிதியைக் குறைத்தால் பாதிக்கப்படுவது அந்த நோயாளிகள்தான். ஒரே ஆள் இரண்டு தரம் சேர்ந்து வெளியேறினால் இரண்டு வரிசை என்பதும் நினைவிருக்கட்டும். ஆளைப் பின்தொடர வேண்டுமென்றால் மெடிகெய்ட் (குறைந்த வருமானத்தாருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) கோரிக்கைத் தரவுக்குத்தான் போக வேண்டும். அனுமதி வாங்க நாளாகும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. மெத்யூஸ்தான் வைத்திருந்தேன். குறியீட்டைப் பிரித்து மறுபடி ஓட்டியதும் 37-இல் ஆட்கள் வந்துவிட்டார்கள். தலைப்பையும் 'மருந்து சேர்ந்த, முடிவுக்கு வந்த சிகிச்சைகளின் காலம்' என்று மாற்றிவிட்டேன். மெடிகெய்ட் அனுமதி பற்றி வெள்ளிக்கிழமையே நெறியாளரிடம் கேட்கிறேன்.