மலையேறும்போது மட்டும் மிஸ்ஸிங்: பிக்கப் வண்டியில் காயிலையும் பிளக்கையும் வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: மிளகுக்கொடி, ஏற்காடு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்துக் காப்பியையும் மிளகையும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு இறக்கவும், திரும்பும்போது உரமூட்டை ஏற்றி வரவும், 4 சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் கொண்ட பழைய பிக்கப் ஒன்றைப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு பிளக்கின் மேலும், பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் தனித்தனிக் காயில் உள்ளது. வண்டி 70,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. பிளக் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு முந்தைய உரிமையாளரிடம் குறிப்பு ஏதும் இல்லை.

அடிவாரம் வரை எந்தக் குறையும் தெரிவதில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் லோடுடன் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதுதான் வண்டி குலுங்கி, இழுவை குறைந்து, செக் இன்ஜின் விளக்கு மினுக்குகிறது. ஸ்கேனரில் பி0302 என்ற பிழை எண் வந்தது. பட்டறையில் நான்கு காயில்களையும் நான்கு பிளக்குகளையும் ஒருசேர மாற்ற வேண்டும் என்கிறார்கள். அது உண்மையிலேயே தேவையா? இந்த வேலையை வீட்டிலேயே செய்ய முடியுமா?

மறுமொழி: பழைய பட்டறை, அஸ்தம்பட்டி

வணக்கம் தம்பி. தாராளமாகச் செய்யலாம். ஆனால், எந்தப் பொருள் கெட்டது என்று உறுதியாகத் தெரியாமல் நான்கு காயில்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸாகிறது, அதாவது அதில் பெட்ரோல் சரியாக எரியவில்லை என்று பொருள். காயில்தான் காரணம் என்று அந்த எண் சொல்லாது. லோடில் ஆக்சிலேட்டரை முழுவதும் திறக்கும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று புகுந்து அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தத்தில் பிளக்கின் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக மின்னழுத்தம் வேண்டும். சமதளத்தில் சமாளிக்கும் பலவீனமான காயிலோ, தேய்ந்து இடைவெளி அகன்ற பிளக்கோ அங்கேதான் கைவிடும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால்தான் மிஸ்ஸிங் வருகிறது என்று சிலர் சொல்வார்கள். மெல்லிய காற்றில் பொறி பாய்வது உண்மையில் சற்று எளிது. ஏற்றமும் லோடும்தான் காரணம்.

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் காயிலையும் மூன்றாவது சிலிண்டரின் காயிலையும் இடம் மாற்றிப் பொருத்துங்கள். பிளக்குகளைத் தொட வேண்டாம். பழைய பிழை எண்ணை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஏற்றத்தில் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். பிழை எண் பி0303 ஆக மாறினால் காயில் கெட்டது. பி0302 ஆகவே நின்றால் பிளக்கையோ, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையோ பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். பல்லாயிரம் வோல்ட் அதில் பாய்கிறது.

விளக்கு மினுக்கும்போது தொடர்ந்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். அதன் விலை நான்கு காயில்களைவிட மிக அதிகம்.

மறுமொழி: டார்க் ரெஞ்ச், குகை

பிளக்கைக் கழற்றும் முறையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் வீட்டில் செய்பவர்கள் சேதம் செய்வது பெரும்பாலும் இங்கேதான். சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரை பிளக்கோடு வந்துவிடும் அபாயம் உண்டு. ஆகவே, இரவு நிறுத்திய வண்டியில் காலையில் வேலையைத் தொடங்குங்கள். காயிலின் கனெக்டர் பூட்டு வெப்பத்தில் நொறுங்கும் தன்மையை அடைந்திருக்கும். அதை அழுத்தி, வயரைப் பிடிக்காமல் கனெக்டரைப் பிடித்து இழுக்க வேண்டும். காயிலை எடுத்தவுடன், பிளக் இருக்கும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றிய பிறகே பிளக்கில் பானாவை வைக்க வேண்டும். தோட்டப்பாதை மண் அந்தக் குழியில் நிறையவே இருக்கும். பிளக் கழன்ற மறுகணம் அது சிலிண்டருக்குள் விழுந்துவிடும்.

புதிய பிளக்கை முதலில் கையால் மட்டும், பானாவின் நீட்டுக்கம்பியைத் திருகியே ஏற்றுங்கள். கொஞ்சம் இறுகினாலும் பின்னோக்கித் திருப்பி மறுபடி தொடங்க வேண்டும். கோணலாக ஏறிய மரையை வலிமையால் சரிசெய்ய முடியாது. 14 மி.மீ. மரையுள்ள பிளக்கை இறுக்கப் பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை போதும், 12 மி.மீ. என்றால் 15 முதல் 20 வரை, 10 மி.மீ. என்றால் 10 முதல் 12 வரை. உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. மரையில் கிரீஸ் தடவாதீர்கள், இறுக்கம் அளவு மீறிப் போய்விடும்.

மிளகுக்கொடி, ஏற்காடு

நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடி காயில்களை இடம் மாற்றி ஓட்டியதில் பிழை எண் பி0303 ஆக மாறிவிட்டது. இரண்டாவது பிளக்கையும் கழற்றிப் பார்த்தேன். அதன் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்ததுபோல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறது. துணியால் துடைத்தாலும் போகவில்லை. முன்பு அதன்மேல் இருந்த காயிலின் ரப்பர் உறையின் உட்புறத்திலும் அதே போன்ற கோடு தெரிகிறது. மற்ற மூன்று பிளக்குகளும் வெளிர்பழுப்பு நிறத்தில் இருக்கின்றன. குழிகளில் எண்ணெய் இல்லை.

மறுமொழி: பழைய பட்டறை, அஸ்தம்பட்டி

காரணம் கிடைத்துவிட்டது தம்பி. பொறி பிளக்கின் முனையில் பாயாமல், பீங்கானின் வெளிப்பக்கமாக இறங்கி பிளக்கின் உலோக உடம்பில் பாய்ந்திருக்கிறது. அந்தக் கோடு அதன் தடம். ஒரு முறை தடம் விழுந்துவிட்டால் மின்சாரம் திரும்பத் திரும்ப அதே வழியில்தான் ஓடும். ஆகவே, பிளக்கை மட்டும் மாற்றிப் பழைய ரப்பரைப் பொருத்தினால், ரப்பரில் உள்ள தடம் புதுப் பிளக்கையும் கெடுத்துவிடும். காயிலையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள்.

இந்தக் கிலோமீட்டரில் சாதாரண நிக்கல் பிளக் என்றால் நான்கையும் மாற்றிவிடுவது நியாயம். காயில் ஒன்று போதும். மிச்சப்படும் பணத்தில் இன்னொரு காயிலை வாங்கி, 10 எம்.எம். பானாவோடு டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். லோடுடன் வளைவு நடுவில் நிற்கும்போது அது உதவும். போலிப் பிளக்குகள் சந்தையில் உலவுவதால், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற கடையில் ரசீதோடு வாங்குங்கள். புதிய ரப்பர் உறையின் வாய்ப்பகுதியில் மின்கடத்தாத சிலிக்கோன் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவினால், அடுத்த முறை கழற்றும்போது ரப்பர் பீங்கானில் ஒட்டிக் கிழியாது.