மறு: தொழிற்சாலைக் கழியொலி 'புறோப்': துருவியா, கோலா?

அன்பின் நண்பர்களுக்கு,

கழியொலியால் (அல்ட்ராசவுண்ட், காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலி) திரவங்களைக் கலக்கும் தொழிற்சாலைக் கருவியின் 'புறோப்' என்ற தண்டுக்கும், பல புறோப்களைச் சேர்த்து ஓட்டும் முறைக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

> துருவி என்றே வைத்துவிடலாமே. மருத்துவ ஸ்கானுக்கும் அதுதானே புழங்குகிறது?

அங்கே பொருந்தும் அண்ணை. வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் கருவி ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வாங்கி, உள்ளே இருப்பதைத் துருவிப் பார்க்கிறது. நாங்கள் பேசும் தைட்டானியத் தண்டு எதையும் பார்ப்பதில்லை. அதன் நுனி செக்கனுக்கு 20,000 தடவை முன்பின்னாக அதிர, திரவத்தில் நுண்குமிழிகள் தோன்றி நொருங்குகின்றன. எண்ணெய் நீரோடு கலப்பதும் இலையின் கலங்கள் உடைவதும் அதனால்தான். 'சலாகை' அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் அதுவும் புண்ணுக்குள் விட்டு ஆழம் பார்க்கிற வைத்தியர் கருவி.

ஆகவே என் முன்மொழிவு: அதிர்கோல். எழுதுகோல், ஊன்றுகோல் வரிசையில் இன்னொரு வினைத்தொகை.

> பல புறோப்களைப் பூட்டுவதற்கு 'பல்துருவி இணைப்பு'

இந்த 'இணைப்பு'தான் எனக்குப் பயம். மின்குமிழ்களைப்போல் ஒரே வயரில் சமாந்தரமாகக் கொழுவலாம் என்று வாசிப்பவர் நினைப்பார். நானே நினைத்தேன். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலக்க இரண்டு முகவைகள், இரண்டு கோல்கள், அவற்றை அதிரவைக்கும் மின்னை ஊட்ட ஒரே ஜெனரேற்றர். பத்து நிமிடத்தில் ஒரு முகவை பால்போல் வெளுத்து, கைவைக்க முடியாத சூடு. மற்றதில் எண்ணெய் வைத்தபடியே மிதந்தது.

காரணம் எளிது. இரண்டிலும் 20 கிலோஹேர்ட்ஸ் என்றுதான் பொறித்திருக்கும். உண்மையில் ஒன்றின் பரிவு மீடிறன் (செக்கனுக்கு எத்தனை தடவை என்றால் அது மிக நன்றாக அதிரும் என்ற கணக்கு) 19,940 ஆகவும் மற்றதன் மீடிறன் 20,030 ஆகவும் இருக்கலாம். சூடேறினால் அது இறங்கும். நுனி அரிக்கப்பட்டுக் கோல் குறுகினால் ஏறும். கோலின் நீளமான அரையலையே ஏறக்குறைய 12.5 சென்ரிமீற்றர்தான் என்பதால் சிறு குறைவும் தெரியும். ஜெனரேற்றர் ஒன்றின் பரிவைப் பிடித்துக்கொண்டு ஓட, மற்றது சும்மா கிடக்கும்.

கழியொலிக் கழுவுதொட்டியின் அடியில் பல அதிர்விகளை (மின்னை அதிர்வாக்கும் துண்டுகளை) சமாந்தரமாக ஒட்டுகிறார்களே என்று கேட்பீர்கள். அவை மீடிறன் பார்த்துத் தெரிந்தெடுத்தவை. ஒரே தொட்டியைத்தான் எல்லாம் சேர்ந்து அதிரவைக்கின்றன. தனித்தனி முகவையில் நிற்கும் கோல்களுக்கு அந்தக் கணக்குச் சரிவராது.

சரி, செய்யக்கூடியது இரண்டு. ஒன்று, ஒரே ஜெனரேற்றரை ஒவ்வொரு கோலுக்கும் மாறிமாறிக் கொடுப்பது. எங்கள் பங்குக் கிணறுகளில் தண்ணீர் இறைத்தது இப்படித்தான்: "இண்டைக்கு எங்கட முறை." எனவே இதை முறையியக்கம் என்போம், மாற்றிவிடும் றிலேப் பெட்டி முறைமாற்றி. வலுவை நிறுத்திய பிறகே முறை மாற்றவேண்டும். அந்த வயரில் பல நூறு வோல்ற்று ஓடும்; ஓடும்போது மாற்றினால் றிலேயின் தொடுமுனை பொறி பறந்து கருகும். மாற்றியதும் புதுக்கோலின் பரிவை ஜெனரேற்றர் மறுபடி தேடிப் பிடிக்கவும் வேண்டும்.

மற்றது, கோலுக்கு ஒரு ஜெனரேற்றர் வைத்து, எல்லாவற்றையும் ஒரே கட்டுப்படுத்தியால் ஆள்வது. செலவு கூட, ஆனால் எல்லாக் கோலும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். அது கூட்டியக்கம்.

ஜெனரேற்றரைப் 'பிறப்பாக்கி' என்று எழுத மனம் வரவில்லை. மின்சாரமில்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டிய மெசின்தான் இங்கே எல்லோருக்கும் நினைவில் வரும். 'கழியொலி இயக்கி' எப்படி? முறையியக்கத்தோடும் ஒத்துப்போகும். சென்னை நண்பர்கள் கழியொலியை மீயொலி என்றே படிக்கட்டும். பரிவு என்பதா, ஒத்ததிர்வு என்பதா என்ற சண்டையையும் இந்த இழையில் தொடங்கவேண்டாம்.

அப்புறம், அதிர்விக்கும் கோலுக்கும் நடுவே பூட்டி, அதிர்வின் வீச்சைக் (முன்பின் அசைவின் அளவைக்) கூட்டும் பூஸ்ரருக்கு 'வீச்சூக்கி' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதையே தலைகீழாகப் பூட்டினால் வீச்சு குறையும். குறைப்பதையும் ஊக்கி என்றா சொல்வது? வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
திருநெல்வேலியிலிருந்து (யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி)