ஏ.எம்.சி. இல்லாமல் லிஃப்ட் ஓட்டலாமா?

மேடவாக்கம்வாசி:
வணக்கம். எங்களுடையது ஸ்டில்ட் பார்க்கிங், அதன் மேல் நான்கு மாடி, எட்டு வீடு, ஒரே லிஃப்ட். எல்லாம் வாடகைக்கு விட்டிருக்கிறோம். லிஃப்ட் ஏ.எம்.சி., அதாவது வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், இந்த மாதத்தோடு முடிகிறது. மாதாமாதம் ஒரு பையன் வந்து துடைத்து எண்ணெய் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறான், அதற்கு ஏன் இவ்வளவு பணம், நின்றுபோனால் ஆளைக் கூப்பிட்டுக் கொள்ளலாம் என்கிறான் தம்பி. மேல் மாடியில் வயதானவர்கள் இருப்பதால் எனக்குத் தயக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரோப்வே_சென்னை:
லிஃப்ட் சர்வீஸில்தான் இருக்கிறேன் சார். பாதியில் நின்றுபோகிற லிஃப்டை விட, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காத லிஃப்ட்தான் ஆபத்து. பெட்டியின் எடையோடு முழுச் சுமையில் ஏறக்குறைய பாதியையும் சேர்த்துத்தான் கயிற்றின் மறுமுனையில் கவுன்ட்டர் வெயிட் என்கிற எதிர் எடையை வைப்பார்கள். அதனால் உள்ளே ஒரே ஒருவர் இருக்கும்போது பிரேக் பிடிக்கவில்லை என்றால் பெட்டி கீழே விழாது, மேலே இழுத்துக்கொண்டு போகும். கவர்னரும் சேஃப்டி கியரும் வேகமாகக் கீழே இறங்கும் பெட்டியைப் பிடிப்பதற்கானவை, பழைய லிஃப்ட் பலவற்றில் மேல்நோக்கிப் போவதைத் தடுக்க பிரேக்கை விட்டால் வேறு எதுவும் கிடையாது. அந்த பிரேக் லைனிங் தேய்வது உள்ளே நிற்கிறவருக்குத் தெரியாது, மெஷினைத் திறந்து பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, கதவு லாக். பழுது என்று கூப்பிட்டால் பாதிக்கு மேல் கதவுப் பிரச்சினையாகத்தான் இருக்கும். அவசரத்துக்கு வருகிற ஆள் சிலர் கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்கும் மின் கான்டாக்டை ஒயரால் ஷார்ட் செய்து ஓட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதன்பின் கதவு திறந்திருக்கும்போதே பெட்டி நகரும். குழந்தைகள் இருக்கிற கட்டடத்தில் இதை நினைக்கவே பதறுகிறது. தொடர்ந்து பார்க்கிற ஆள் என்று ஒருவர் இருந்தால்தான் யாரைக் கேட்பது என்றாவது தெரியும்.

வேளச்சேரி_செக்ரட்டரி:
எங்கள் அசோசியேஷன் அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் தம்பியின் குறையும் நியாயம்தான், துடைப்பது மட்டும் பராமரிப்பு ஆகாது. அடுத்த முறை அந்தப் பையன் வரும்போது கூடவே நின்று பாருங்கள், பிட்டில் (லிஃப்டுக்கு அடியிலுள்ள குழியில்) இறங்குகிறாரா, மெயினை அணைத்து, ஏ.ஆர்.டி. (கரண்ட் போனால் பேட்டரியில் இயங்கும் கருவி) லிஃப்ட் பெட்டியைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பேட்டரி செத்துப்போயிருப்பது கரண்ட் போகும்வரை யாருக்கும் தெரியாது.

ஸ்டில்ட் கட்டடம் என்றால் மழைக்காலத்தில் பிட்டில் தண்ணீர் நிற்கும். எங்களுக்கு 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிரம்பியது, பெட்டி அடியில் மோதினால் தாங்கும் பஃபர், சுவிட்ச் எல்லாம் துரு. இப்போது பெருமழை என்றால் லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுகிறோம். அப்புறம் லைசென்ஸ். 1997 தமிழ்நாடு லிஃப்ட் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஓட்டக்கூடாது, மின் ஆய்வுத்துறையிடம் வாங்க வேண்டும். உங்களுடையது நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். பொறுப்பு உரிமையாளருடையது, வாடகைக்காரருடையது அல்ல.

வாட்ச்மேனிடமும் பேசிவிடுங்கள். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றால் சாவி போட்டுக் கதவைத் திறந்து ஆளைக் குதிக்கச் சொல்லக் கூடாது. பெட்டிக்கு அடியில் இருக்கிற இடைவெளி வழியாகக் குழிக்குள் விழுந்தவர்கள் உண்டு.

மேடவாக்கம்வாசி:
இருவருக்கும் மிக்க நன்றி, தம்பிக்கு அப்படியே அனுப்பிவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம். கொஞ்ச நாளாக இரண்டாம் மாடியில் தளத்துக்கு ஓர் அங்குலம் கீழே நிற்கிறது, சில நேரம் சரியாகவும் நிற்கிறது. இது சாதாரணம்தானே?

ரோப்வே_சென்னை:
இல்லை சார். சென்சார் நகர்ந்திருக்கலாம், பிரேக்காகவும் இருக்கலாம். அதுவும் ஒரு முறை சரியாக, ஒரு முறை தவறாக நிற்கிறது என்றால் முதலில் பிரேக்கைத்தான் சந்தேகப்படுவேன். ஏ.எம்.சி. முடிய இன்னும் நாள் இருக்கிறதே, இன்றே கூப்பிடுங்கள். பார்த்துச் சொல்லும்வரை மெயினை அணைத்து எல்லா மாடியிலும் போர்டு மாட்டுங்கள், மேல் மாடிப் பெரியவர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.