கேபிளைத் திட்டாதீங்க: எச்.டி.சி.பி. படுத்திய பாடு

புது 4கே டிவி, புது 4கே டிஸ்க் பிளேயர். நடுவுல படத்தையும் ஒலியையும் வாங்கிப் பிரிச்சுக் கொடுக்கிற ஏ.வி. ரிசீவர் மட்டும் 2012-ல வாங்கினது. ஸ்பீக்கர் வயரெல்லாம் அதுலதான் போய்ச் சேருது, மாத்த மனசு வரல. ஞாயித்துக்கிழமை மச்சான் குடும்பத்தோட வந்து உட்கார்ந்தாச்சு. டிஸ்க்கைப் போட்டா படம் 4கே இல்ல, வெறும் 1080பி, பழைய எச்.டி. தரம். "இதுக்கா மாப்ள இவ்வளவு காசு?"ன்னு மச்சான் சிரிக்கிறார்.

கடைக்காரர் பேச்சைக் கேட்டு ரெண்டு தடவை கேபிள் மாத்தினேன். ரெண்டாவது தங்க முலாம் பூசினது. அதோட விலை வீட்ல இன்னும் யாருக்கும் தெரியாது.

கடைசியில பார்த்தா கேபிள்ல ஒரு குறையும் இல்ல. 4கே படத்தை வெளிய விடுறதுக்கு முன்னாடி, வரிசையில இருக்கிற ஒவ்வொரு பெட்டிக்கும் எச்.டி.சி.பி. 2.2, அதாவது படத்தைத் திருட்டுக் காப்பி எடுக்காம தடுக்கிற பூட்டு, இருக்கான்னு பிளேயர் கேட்கும். அந்தப் பதிப்பு வந்ததே 2013-ல. டிவி சரின்னு சொல்லியும், நடுவுல உட்கார்ந்திருக்கிற ரிசீவருக்கு அந்தப் பாஷையே தெரியாது. சாஃப்ட்வேர் அப்டேட்டாலயும் தீராது, உள்ளே சிப்பே வேற.

நல்லவேளை, என் பிளேயர்ல ரெண்டு எச்.டி.எம்.ஐ. அவுட். ஒண்ணு நேரா டிவிக்கு, இன்னொண்ணு ஒலிக்கு மட்டும் ரிசீவருக்கு. ஒரே அவுட் இருக்கிறவங்க ஆப்டிக்கல் வயர் போடலாம், ஆனா தரம் குறையாத டால்பி ட்ரூஹெச்டி ஒலி அதுல போகாது, சாதா டால்பி 5.1தான். எனக்கு வித்தியாசம் கேட்குது. மச்சானுக்குக் கேட்காது.

*

அண்ணா, உங்களுக்காவது படம் வந்துச்சு. மாடியில புரொஜெக்டருக்கு 15 மீட்டர் ஃபைபர் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் சுவர் பைப்புக்குள்ள இழுத்தோம். திரையில ஒண்ணுமே இல்ல. சாதா செப்புக் கேபிளை எந்தப் பக்கமும் சொருகலாம். இதுல ஒளி ஒரே திசையிலதான் போகும். ஒரு முனையில சோர்ஸ், மறுமுனையில டிஸ்ப்ளேன்னு கடுகு சைசுல எழுதியிருந்தது. எலக்ட்ரீஷியன் தலைகீழா இழுத்துட்டார், பக்கத்துலயே நின்ன நானும் பார்க்கல. திருப்பி இழுக்க அரை நாள்.

அப்புறம் செட்டாப் பாக்ஸ் படம் வந்துச்சு, ரெண்டு செகண்ட்ல கருப்பு, மறுபடி படம், மறுபடி கருப்பு. பழைய பதிப்பான எச்.டி.சி.பி. 1.x-ல 128 ஃப்ரேமுக்கு ஒருதரம் ரெண்டு பக்கமும் கணக்கை ஒத்துப் பார்க்கும். செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா கிட்டத்தட்ட ரெண்டு செகண்ட்! சுவர்ப் பக்கம் போட்டிருந்த ஜாயின்டரைக் கழட்டினதும் நின்னுடுச்சு.

*

என் கதை பழசு. கம்ப்யூட்டரோட வந்த, எச்.டி.எம்.ஐ.க்கு முந்தின டிவிஐ சாக்கெட் வச்ச மானிட்டர், கண்ணாடி மாதிரி படம் காட்டும். எச்.டி.சி.பி. இல்லாத காலத்து சரக்கு. புளூரே பிளேயரை மாத்து கேபிள் போட்டு இணைச்சா, மெனு கூட வரல. இத்தனைக்கும் 2010-ல எச்.டி.சி.பி.யோட மாஸ்டர் கீ இணையத்துல கசிஞ்சு, அதை உருவாக்கின இன்டெல்லே ஆமான்னு ஒத்துக்கிச்சு. திருடனுக்குக் கள்ளச் சாவி கிடைச்சாச்சு, காசு கொடுத்து டிஸ்க் வாங்கினவன் வாசல்ல நிக்கிறேன். மானிட்டரைத் தங்கச்சி பையன் படிப்புக்குக் கொடுத்துட்டேன்.

*

தம்பி, என்னோட அந்தத் தங்கக் கேபிள் சும்மாதான் கிடக்கு. யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, விலை மட்டும் வீட்டுக்காரம்மா முன்னாடி கேட்காதீங்க.