வீட்டில் ஒரே டொக்டர் அக்காதான், இப்போது அவளுக்கே மார்பகப் புற்றுநோய். நாங்கள் என்ன பேசுவது?

பொகவந்தலாவைத் தங்கச்சி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். என் அக்கா டொக்டர். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து மருத்துவபீடத்துக்குப் போன முதல் ஆள் அவள்தான், அம்மா கொழுந்து எடுத்ததும் அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியதும் எல்லாம் அவள் படிப்புக்குத்தான் போனது. இப்போது 41 வயது, மலையகத்திலேயே ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓபிடியில் வெளிநோயாளர்களைப் பார்க்கிறாள்.

போன மாதம் ஒரு ராத்திரி போன் எடுத்தாள். வலது மார்பு, இத்தனை சென்டிமீட்டர், அக்குளில் நெறி கட்டியிருக்கிறது, பயொப்சி ரிப்போர்ட் வந்துவிட்டது, முதலில் கீமோ அப்புறம் ஒப்பரேஷன் என்று மடமடவென்று சொல்லிக்கொண்டே போனாள். யாரோ நோயாளியைப் பற்றிச் சொல்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன். "பாவம், யாருக்கு அக்கா?" என்று கேட்டேன். "எனக்குத்தான்" என்றாள்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. அம்மாவுக்குச் சொல்லக்கூடாது என்கிறாள். கண்டிக்குப் போகமாட்டாளாம், கூடப் படித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருக்கிறார்களாம். கொழும்பில் யாருக்கும் தெரியாத பிரைவேட் இடத்தில் பார்த்துக்கொள்வாளாம். இன்றைக்கும் ஓபிடிக்குப் போயிருக்கிறாள். ராத்திரி இரண்டு மணிக்கும் அவள் அறையில் லைட் எரிகிறது, போனில் ஏதோ ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாசித்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு மறக்க முடியாத ஒன்று இருக்கிறது. போன ஒக்டோபரில் எங்கள் தோட்டத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் பெண்களைக் கூட்டி வைத்து மார்பை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று அக்கா சொல்லிக் கொடுத்தாள். ஒரு பழைய சேலையை நாலைந்து மடிப்பாக மடித்து உள்ளே ஒரு கடலையை வைத்து, விரல் நுனியால் இல்லை, மூன்று விரலின் சதைப்பகுதியால் தடவிக் கண்டுபிடியுங்கள் என்று ஒவ்வொருத்தரிடமும் கொடுத்தாள். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார், எல்லாரும் கை தட்டினார்கள். அன்றைக்கே அவளுக்கு அது இருந்திருக்குமோ என்று நினைக்கும்போது நெஞ்சை அடைக்கிறது.

நான் ஏதாவது சொன்னால் "எனக்குத் தெரியாதா?" என்கிறாள். தெரியும்தான். தெரிந்தவளிடம் நாங்கள் என்ன பேசுவது? இப்படி ஒரு டொக்டரைக் கூடவே இருந்து பார்த்தவர்கள், இல்லை இதே நிலையில் இருந்த டொக்டர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

பதுளைப் பக்கத்து டொக்டர் எழுதியது:

தங்கச்சி, நானும் டொக்டர்தான். எனக்கு 44 வயதில் வந்தது, இப்போது ஆறு வருஷம் முடிந்துவிட்டது. அக்காவுக்கு நான் சொல்ல நினைப்பதை உங்களிடம் எழுதுகிறேன், விருப்பம் இருந்தால் அவரிடம் காட்டுங்கள்.

குளிக்கும்போது சவர்க்காரம் போட்ட கையில்தான் அது தட்டுப்பட்டது. கெட்டியாக, அசையாமல், வலி கொஞ்சமும் இல்லாமல் இருந்தது. வேறு ஒரு பெண் அந்தக் கட்டியோடு என் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே கடிதம் எழுதி சர்ஜரி கிளினிக்குக்கு அனுப்பியிருப்பேன். எனக்கு நானே ஏழு வாரம் தவணை கொடுத்தேன். மாதவிலக்கு முடியட்டும், மகனுக்குப் பரீட்சை முடியட்டும், லீவு கிடைக்கட்டும். கடைசியில் முறைப்படி கிளினிக்குக்குப் போகாமல், ஸ்கேன் அறையில் இருந்த சிநேகிதியிடம் "சும்மா ஒரு தடவை பாரேன்" என்றேன். ஜெல் தடவிப் பேசிக்கொண்டே இருந்தவள் ஒரு இடத்தில் பேச்சை நிறுத்தினாள். கருவி திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்தது. அளவெடுக்கிற சின்னக் குறி இரண்டும் திரையில் விழுந்ததை நானும் பார்த்தேன். அவள் எதுவுமே சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கிலாந்தில் லிஸ் ஓ'ரியோர்டன் என்று ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்கே ஒப்பரேஷன் செய்கிற சர்ஜன். 2015இல், 40 வயதில் அவருக்கே வந்தது. ஸ்கேன் திரையைப் பார்த்ததுமே அவருக்கும் விளங்கிவிட்டது. 2018இல் திரும்ப வந்து, அந்தச் சிகிச்சைக்குப் பிறகு கையைத் தேவையான அளவுக்கு அசைக்க முடியாமல் சர்ஜரியையே விட வேண்டியதாயிற்று. ஆனால் அதற்குப் பிறகும் அவர் நோயாளிகளுக்காகப் பேசுவதையும் எழுதுவதையும் விடவில்லை. அவரைப் பற்றி வாசித்த பிறகுதான், இதில் எனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள எனக்கு வெட்கம் விட்டது.

உண்மையாகவே தெரியாது. ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் போனால் "உங்களுக்குத் தெரியும்தானே டொக்டர்" என்று நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டார், நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஒப்பரேஷன் முடிந்து இரத்த நீர் வடிகிற குழாயோடு வீட்டுக்கு வந்து, பிளவுஸை எப்படிப் போடுவது, அந்தப் போத்தலை எங்கே செருகுவது என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு கிளினிக்கில் ஒரு வசனத்தை ஒவ்வொரு தடவையும் சொல்லப் பழகினேன்: "நான் டொக்டர் என்பதை மறந்துவிட்டு, தோட்டத்திலிருந்து வந்த ஒருத்திக்குச் சொல்வது போல் சொல்லுங்கள்." அக்காவையும் அதைச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். கீமோ தொடங்கினால் அவர் ஓபிடியில் உட்காரக்கூடாது. மருந்து ஏற்றி ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை அணுக்கள் நன்றாக இறங்கிவிடும், இருமலும் காய்ச்சலுமாக நூறு பேர் வருகிற இடத்தில் அப்போது அவருக்கு என்ன வேலை? காய்ச்சல் 38 டிகிரிக்குப் போனால் ராத்திரி எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மற்றவர்களைவிட டொக்டர்தான் இதில் பிழை விடுவார், ஏனென்றால் அலுமாரியில் மருந்து இருக்கும், தானே இரண்டு பெனடோலும் ஒரு அன்டிபயோட்டிக்கும் போட்டுக்கொண்டு விடியட்டும் பார்ப்போம் என்று படுத்துவிடுவார். நான் அப்படிப் படுத்தவள். என் கணவர் என்னைக் கேட்காமலே வேனைக் கூப்பிட்டதால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். ஒரு தெர்மாமீட்டர் உங்கள் கையில் இருக்கட்டும், அவர் கையில் வேண்டாம்.

அப்புறம் நீங்கள். கூடப் பிறந்தவருக்கு 41 வயதில் வந்திருக்கிறது என்றால் உங்களையும் பார்க்க வேண்டும். பரம்பரைச் சோதனை தேவையா என்று அக்காவின் கேன்சர் ஸ்பெஷலிஸ்டிடமே கேளுங்கள். 35 வயது தாண்டிவிட்டால் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஒபிஸில் பெண்களுக்கென்று நடக்கிற வெல் வுமன் கிளினிக்கில் மார்பையும் பார்ப்பார்கள், ஆனால் உங்களுக்கு அது மட்டும் போதாது, அக்காவின் விஷயத்தை அங்கே கட்டாயம் சொல்லுங்கள்.

வெலிமடை வாசகன் எழுதியது:

மன்னிக்க வேண்டும், எனக்கு ஒரு சந்தேகம். டொக்டர்மார் எல்லாம் தெரிந்து கவனமாகத்தானே இருப்பார்கள், அவர்களுக்கும் எப்படி வருகிறது? எங்கள் பக்கம் ஒரு டொக்டரம்மாவுக்கு வந்தபோது ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

பதுளைப் பக்கத்து டொக்டர் எழுதியது:

அறிவு இருந்தால் வராது என்றில்லை தம்பி. பெண்ணாக இருப்பதும் வயது ஏறுவதும்தான் பெரிய காரணங்கள், எண்ணிக்கையில் குறைவு என்றாலும் ஆண்களுக்கும் வரும். பரம்பரை, பிள்ளை பெறாதது அல்லது பிந்திப் பெற்றது, மாதவிடாய் நின்ற பிறகு உடம்பு போடுவது, மது இதெல்லாம் ஆபத்தைக் கூட்டும். இது எதுவுமே இல்லாமலும் நிறையப் பேருக்கு வருகிறது. யாரும் செய்த பாவத்தால் வருவதில்லை, அதை மட்டும் ஊரில் சொல்லுங்கள்.

தலவாக்கலை டீச்சர் எழுதியது:

தனக்குத் தானே வைத்தியம் பார்க்க வேறு வழியே இல்லாமல் போன ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஜெரி நீல்சன் என்ற அமெரிக்க டொக்டர் 1999இல் தென்துருவ ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஒரே வைத்தியர். மாதக்கணக்கில் விமானம் இறங்க முடியாத குளிர்காலத்தில் மார்பில் கட்டியைக் கண்டார். வைத்தியம் தெரியாத சக ஊழியர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே ஊசி குத்திச் சதை எடுத்தார், அதன் படங்கள் அமெரிக்காவுக்குப் போயின, ஜூலையில் விமானத்திலிருந்து மருந்தைப் பாரசூட்டில் போட்டார்கள். ஒக்டோபரில்தான் அவரை வெளியே கொண்டுவர முடிந்தது. பத்து வருஷம் வாழ்ந்து 2009இல் காலமானார். அவ்வளவு தனிமையில் இருந்தவரே பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி அவர்களுடைய கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் அக்காவுக்கு நீங்கள் அடுத்த அறையில் இருக்கிறீர்கள்.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி எழுதியது:

மகள், நான் கேன்சர் வார்டில் நிறைய வருஷம் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருந்தவள். டொக்டர்மாரும் வந்து படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஊசி போடும்போதுதான் எங்களுக்குக் கை நடுங்கும். வந்த முதல் நாள் ட்ரிப்பில் சொட்டை எண்ணுவார்கள், மருந்துப் போத்தலை வாங்கி வாசிப்பார்கள், பக்கத்துக் கட்டில் நோயாளியின் சிகிச்சை எழுதியிருக்கிற டிக்கெட்டையும் எட்டிப் பார்ப்பார்கள். இரண்டாம் மூன்றாம் தடவை வரும்போது கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுவார்கள். அதுவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டியா கொழும்பா என்பதில் அக்காவின் வெட்கத்தைவிட ரோட்டைப் பாருங்கள். கீமோ அநேகமாக மூன்று வாரத்துக்கு ஒரு தடவை, அதுவே சில மாதம் போகும். அப்புறம் கரண்ட் பிடிப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, கிழமையில் ஐந்து நாள், வாரக்கணக்கில். கொழும்புக்குப் போகிற கினிகத்தேனை வளைவுகளில் வாந்தியோடு ஒரு பெண் எத்தனை தடவை இறங்கி ஏறுவாள்? கரண்ட் பிடிக்கக் கொழும்புப் பக்கம் மஹரகம அரசாங்க ஆஸ்பத்திரியும் இருக்கிறது, கண்டியும் இருக்கிறது, இரண்டிலும் காசு கேட்பதில்லை. பிரைவேட்டில் தொடங்கிப் பாதியில் கை காசு முடிந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்த முகங்களுக்கு முன்னால் தலைமயிர் இல்லாமல் நிற்பது கஷ்டம்தான், ஆனால் அந்தத் தெரிந்த முகங்கள்தான் ராத்திரி ஒரு மணிக்கு வந்து எட்டிப் பார்க்கும்.

அம்மாவிடம் சொல்லுங்கள். முதல் கீமோ முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டும், அன்றைக்கு எதை வைத்து மறைப்பீர்கள்?

மஸ்கெலியாக் கொழுந்துக்காரி எழுதியது:

என் மகள் டைப் பண்ணித் தருகிறாள். எனக்கு இடது மார்பு எடுத்து நாலு வருஷம். பீலியில் குளிக்கும்போது பக்கத்தில் நின்ற அண்ணிதான் காம்பு உள்ளே இழுத்திருப்பதைப் பார்த்தது. எனக்கு வலி இல்லாததால் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். கொண்டுபோன இடத்தில் எல்லாம் சிங்களத்தில் சொன்னார்கள், கடுதாசி இங்கிலீஷில் இருந்தது. ஒரு தமிழ் டொக்டரம்மா வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஒரு தாளில் படம் வரைந்து எனக்குச் சொல்லும்வரைக்கும் என் உடம்பில் எதை வெட்டப் போகிறார்கள் என்றே தெரியாது.

அக்குளில் நெறி எடுத்ததால் கை வீங்கலாம் என்றார்கள். தேயிலைக் கிளை கீறினாலும் அட்டை கடித்தாலும் நான் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுகிறேன், சிவந்து சூடாக இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவேன். கூடையை இப்போது தூக்குவதில்லை. தோளுக்குச் சொல்லிக் கொடுத்த பயிற்சியை மட்டும் விடவில்லை, சுவரில் விரலால் ஏறி ஏறி இப்போது கை முழுதாக மேலே போகிறது.

உங்கள் அக்கா அந்த மாதிரி எத்தனை பேருக்குக் கட்டிலில் உட்கார்ந்து சொல்லியிருப்பார். இப்போது அவர் பக்கத்தில் யார் உட்காருவது? மருந்து தெரியாவிட்டால் என்ன, கஞ்சி வைக்கத் தெரியும்தானே உங்களுக்கு. என் டொக்டரம்மாவுக்கு இப்படி என்று தெரிந்தால் நான் ஓடிப் போய் நிற்பேன்.

பொகவந்தலாவைத் தங்கச்சி எழுதியது:

எல்லாருக்கும் பதில் போட நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள். பதுளை டொக்டர் எழுதியதை அக்காவிடம் காட்டினேன். அந்தக் குழாய், பிளவுஸ் பற்றி எழுதிய இடத்துக்கு வந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். ரிப்போர்ட் வந்ததற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்புறம் மஸ்கெலியா அக்கா எழுதியதை இரண்டு தடவை வாசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொன்னோம். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கையை நீட்டி, "எங்கே, காட்டு" என்றார். அக்கா அம்மாவின் மூன்று விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாள். கடலை மாதிரி இல்லையே, இது பெரிதாக இருக்கிறதே என்று அம்மா சொன்னபோது அக்கா "ஆமாம்மா" என்று அவர் மடியில் படுத்துவிட்டாள்.

கண்டிக்குத்தான் போகிறோம். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பைல் என் கையில், தெர்மாமீட்டரும் வாங்கிவிட்டேன், எனக்கும் வெல் வுமன் கிளினிக்கில் நாள் கேட்டிருக்கிறேன். வருகிற செவ்வாய் முதல் கீமோ. மிஸ்ஸி அம்மா, அன்றைக்கு என்ன கொண்டுபோக வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற மிஸ்ஸி எழுதியது:

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை, ஒரு கம்பளி, காலுறை, போத்தலில் தண்ணீர், வாந்திக்கு இரண்டு பை. காலையில் வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போகாதே மகள், இடியப்பமோ ரொட்டியோ கொஞ்சம் கொடு. ஹட்டனில் பஸ் மாறும்போது முன்சீட்டாகப் பார்த்து உட்கார வை. நான் கம்பளையில்தான் இருக்கிறேன், தனியாக மெசேஜ் போடு, திரும்பி வரும்போது அவளால் முடியாவிட்டால் ராத்திரி இங்கே தங்கிவிட்டுப் போங்கள்.